புற்றுநோய் செல்லைக் கொல்வதா கஷ்டம்?

போன இதழில், புற்றுநோய் ஆராய்ச்சி பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று ஒரு வரி போட்டிருந்தோம், அதற்கு வந்த கடிதங்களில் எட்டை எடுத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. செல் வளர்ப்பு ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள். அதனால் "எந்த மருந்து சாப்பிடலாம்" என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை, அதை உங்களுக்கு வைத்தியம் பார்ப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: என் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்து, சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். விஞ்ஞானிகள் ஆராய்கிற செல்களும் இப்படித்தான் கிடைக்கின்றனவா? உடம்பை விட்டு வெளியே எடுத்த செல் எப்படி உயிரோடு இருக்கும்?

பயாப்ஸிக்குப் போகிற சதை பெரும்பாலும் உயிரோடு இருக்காது. ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, தலைமுடியை விட மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். நோயை அடையாளம் காண அது போதும். ஆராய்ச்சிக்கு வேண்டியது உயிருள்ள செல். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியில், பரிசோதனைக்குப் போக மிஞ்சியதிலிருந்து ஒரு சின்னத் துண்டை, நோயாளி சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும், ஐஸில் வைத்து உடனே ஆய்வகத்துக்குக் கொண்டுவருவார்கள். அங்கே அதைப் பொடியாக நறுக்கி, செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையை என்சைம் ஊற்றிக் கரைத்து, செல் செல்லாகப் பிரித்து, தட்டையான ஒரு பிளாஸ்டிக் குப்பியில் விடுவார்கள்.

அந்தக் குப்பிக்குள் ஊற்றுவது இளஞ்சிவப்பு நிறத் திரவம். மீடியம் என்போம். சர்க்கரை, உப்புகள், அமினோ அமிலங்கள், வைட்டமின்கள், அதோடு மாட்டுக் கருவின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம், எல்லாம் கலந்தது. குப்பியை 37 டிகிரி வெப்பத்தில், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருக்கும் பெட்டிக்குள் வைத்தால், அதாவது உடம்புக்குள் இருப்பது போன்ற சூழலைக் கொடுத்தால், செல்கள் அடியில் ஒட்டிக்கொண்டு பிரிய ஆரம்பிக்கும். அவை தின்று கழிக்கும் அமிலத்தால் மீடியம் மெல்ல ஆரஞ்சாகி, பிறகு மஞ்சளாகும். காலையில் பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான், பசி எடுத்திருக்கிறதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும்.

ஆனால் இப்படிக் கொண்டுவந்த செல்களில் பெரும்பாலானவை சில நாட்களிலோ வாரங்களிலோ செத்துவிடும். வருடக்கணக்கில் வளர்ந்துகொண்டே இருந்த முதல் மனிதச் செல்கள் 1951ல் கிடைத்தவை. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயோடு வந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற 31 வயதுக் கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்தவை அவை. கிட்டத்தட்ட 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே இருந்தன. அந்த அம்மா அதே வருடம் அக்டோபரில் இறந்துபோனார், அவருடைய செல்கள் ஹீலா என்ற பெயரில் இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்கின்றன. போலியோ தடுப்பூசியைச் சோதித்ததில் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஆராய்ச்சிக்கு எடுக்கிறோம் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, குடும்பத்துக்கே 20 வருடத்துக்கு மேல் கழித்துத்தான் தெரியவந்தது. ஹீலா குப்பியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். இன்று உங்கள் அக்காவிடம் சம்மதக் கையெழுத்து கேட்கிறார்கள் என்றால், கேட்காமல் எடுத்த அந்த மாதிரிச் சம்பவங்களும் அதற்குக் காரணம்.

கேள்வி: புற்றுநோய் செல் மட்டும் ஏன் சாகாமல் வளர்கிறது? நல்ல செல்லை வளர்க்க முடியாதா?

வளர்க்கலாம், ஆனால் ஓர் எல்லை உண்டு. சாதாரண மனிதச் செல் தட்டில் 40 முதல் 60 தடவை பிரிந்தபின் நின்றுவிடுகிறது என்று லெனார்ட் ஹேஃப்ளிக் 1961ல் காட்டினார். ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோமின் நுனி கொஞ்சம் தேய்கிறது. டெலோமியர் என்று அதற்குப் பெயர். தேய்ந்து தேய்ந்து ஒரு கட்டத்தில் செல் "போதும்" என்று நின்றுவிடும். பெரும்பாலான புற்றுநோய் செல்கள் அந்த நுனியைத் திரும்ப வளர்க்கும் டெலோமரேஸ் என்சைமை மறுபடி இயக்கிக்கொள்கின்றன. அதோடு, "பிரியாதே" என்று தடுக்கிற மரபணுக்களும் கெட்டுப்போயிருக்கும். ஹீலாவில் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தபோது இது இன்னும் தெளிவானது. எச்பிவி என்ற வைரஸின் 18ஆம் வகை தன் மரபணுக்களை அந்தச் செல்லின் டிஎன்ஏவில் செருகியிருந்தது, அவை செய்யும் புரதங்கள் பி53 என்ற காவல்காரப் புரதத்தை அழித்துக்கொண்டே இருக்கின்றன. இந்த வைரஸுக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த ஹரால்ட் ட்சுர் ஹௌசனுக்கு 2008ல் நோபல் கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பின் வழியே வந்ததுதான் இப்போது பெண் குழந்தைகளுக்குப் போடும் எச்பிவி தடுப்பூசி.

கேள்வி: வாரத்துக்கு ஒரு தடவையாவது "புற்றுநோய் செல்களைக் கொல்லும் மூலிகை கண்டுபிடிப்பு" என்று செய்தி வருகிறது. ஆய்வகத்தில் கொன்றுவிட்டது என்கிறார்கள், ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. நடுவில் யார் தடுக்கிறார்கள்?

யாரும் தடுக்கவில்லை. இதே கேள்வியைப் பதினைந்து பேருக்கு மேல் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தட்டில் இருக்கும் புற்றுநோய் செல்லைக் கொல்வது ஒரு பெரிய விஷயமே இல்லை. உப்பு கொஞ்சம் கூடினால் செத்துவிடும். பிளீச்சிங் திரவம் ஒரு சொட்டு விழுந்தால் செத்துவிடும். வெறும் தண்ணீரை ஊற்றினால் உப்பி வெடித்துவிடும். கஷ்டம் எங்கே இருக்கிறது என்றால், அதை மட்டும் கொன்று, பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லை விட்டுவைப்பதில் இருக்கிறது. பாக்டீரியாவுக்கு எதிராக பென்சிலின் ஏன் வேலை செய்கிறது? பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது, நம் செல்லுக்கு அது கிடையாது, பென்சிலின் அந்தச் சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கிறது, நம்மை ஒன்றும் செய்வதில்லை. புற்றுநோய் செல் அப்படி வெளியிலிருந்து வந்தது இல்லையே. அது நம் செல்தான், நம் டிஎன்ஏதான், அதில் சில இடங்கள் மட்டும் மாறியிருக்கின்றன. எதைக் கொண்டு அடித்தாலும் நல்ல செல்லின் மேலும் அடி விழும்.

சோதனை எப்படி நடக்கிறது என்று சொன்னால் புரியும். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் வரிசைக்கு 12 வீதம் 8 வரிசை, மொத்தம் 96 குழிகள். ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் செல்களை விட்டு, இடமிருந்து வலமாக மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவோம், ஒரு பத்தியில் மருந்தே போடாமல் விடுவோம். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மஞ்சள் சாயத்தை விட்டு மூன்று நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கும் செல் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும், செத்த செல் மாற்றாது. தட்டை வெளியே எடுக்கும்போது இடது பக்கம் அடர் ஊதா, வலது பக்கம் போகப் போக வெளிறி மஞ்சள். பார்க்க அழகாக இருக்கும், முதல் தடவை பார்க்கிற மாணவர்கள் துள்ளிக் குதிப்பார்கள்.

அப்போது நான் கேட்பது ஒரே கேள்வி: "இரண்டாவது தட்டு எங்கே?" அதே மருந்தை, அதே அளவில், நல்ல செல்களுக்குக் கொடுத்த தட்டு. அதுவும் அதே அளவில் மஞ்சளாகிவிட்டது என்றால் நாம் கண்டுபிடித்தது மருந்து இல்லை, விஷம். செய்திகளில் இந்த இரண்டாவது தட்டைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அடுத்த தடவை அப்படிச் செய்தி பார்த்தால் அதைத் தேடிப் பாருங்கள்.

சரி, இரண்டாவது தட்டிலும் பாஸ் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தட்டில் செல்லின் தலையிலேயே மருந்தை ஊற்றினோம். உடம்பில் அது வயிற்றைத் தாண்ட வேண்டும், கல்லீரல் உடைத்துப் போடாமல் தப்ப வேண்டும், ரத்தத்தில் கரைய வேண்டும், கட்டியின் உள்ளே வரை போய்ச் சேர வேண்டும். தட்டில் வேலை செய்த அளவு ரத்தத்தில் வர வேண்டுமானால் ஆள் தாங்க மாட்டார் என்ற நிலையிலேயே பாதி மூலிகைச் செய்திகள் முடிந்துபோகின்றன. அப்புறம், பிளாஸ்டிக்கில் ஒரே அடுக்காகப் படர்ந்து கிடக்கும் செல்லும் கட்டிக்குள் இருக்கும் செல்லும் ஒன்றில்லை. கட்டிக்குள் ரத்தக் குழாய் இருக்கிறது, நார் இருக்கிறது, எதிர்ப்பு அணுக்கள் இருக்கின்றன, நடுப்பகுதியில் ஆக்சிஜனே இல்லாத இடம் இருக்கிறது. அதற்காகத்தான் இப்போது நோயாளியின் செல்களை ஜெல்லில் வைத்து, முப்பரிமாணச் சின்ன உருண்டைகளாக வளர்க்கிறார்கள், ஆர்கனாய்டு என்பார்கள். மனிதக் கட்டியை ஏற்றுக்கொள்ளும்படி எதிர்ப்பு சக்தி குறைந்த எலிகளிலும் வைத்துப் பார்க்கிறார்கள். இதையெல்லாம் தாண்டித்தான் மனிதர்களிடம் சோதனை. அங்கே நுழைகிற புற்றுநோய் மருந்துகளிலும் பத்தில் ஒன்றுகூடக் கடைசிவரை வந்து சேர்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில சமயம் தட்டில் இருப்பதே நாம் நினைத்த செல்லாக இருக்காது. ஹீலா அவ்வளவு வேகமாக வளரும் என்பதால், கை தவறி ஒரு துளி வேறு குப்பியில் விழுந்தால், கொஞ்ச நாளில் குப்பி முழுக்க ஹீலாதான். வேறு வேறு உறுப்புகளின் செல்கள் என்று நம்பி வளர்த்த 18 வகைகள் உண்மையில் ஹீலா என்று ஸ்டான்லி கார்ட்லர் 1966ல் சொன்னபோது பலர் நம்ப மறுத்தார்கள். இப்போது நல்ல ஆய்வகங்களில் செல்லின் டிஎன்ஏவைச் சோதித்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை அப்படிச் சோதிக்காமல் விட்டதில், நுரையீரல் செல் என்று நினைத்து நானும் இன்னொரு பெண்ணும் எட்டு மாதம் செய்த வேலை முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. அந்தக் குப்பிகளைப் பிளீச்சில் ஊற்றிய நாள் இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே மருந்து எப்போது வரும்?

வராது என்றுதான் நினைக்கிறேன். புற்றுநோய் என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, கட்டுப்பாடு இல்லாமல் செல் பெருகும் நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களுக்கு நாம் வைத்த ஒரே பெயர். ஆனால் ஒவ்வொன்றிலும் எது மாறியிருக்கிறது என்று தெரிந்தால் அதைக் குறிவைக்கலாம், அதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது.

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில், ஒரு குரோமோசோம் வழக்கத்தை விடக் குட்டையாக இருப்பதை பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் 1960ல் கவனித்தார்கள். மீதித் துண்டு எங்கே போனது என்று தெரியவில்லை. சிகாகோவில் ஜேனட் ரௌலி, குரோமோசோம் படங்களை வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் கத்தரித்துக் கத்தரித்து ஜோடி சேர்த்துப் பார்ப்பார், அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அப்படிப் பார்த்ததில்தான், 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் நுனிகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன என்று 1973ல் சொன்னார். அந்த ஒட்டில் இரண்டு மரபணுக்கள் சேர்ந்து, அணைக்கவே முடியாத ஸ்விட்ச் போன்ற ஒரு புரதம் உருவாகிறது. அந்த ஸ்விட்ச் நல்ல செல்லில் இல்லை! கடைசியில் அதன் இடுக்கில் போய் உட்கார்ந்து அணைக்கிற மாத்திரை இமாடினிப், 2001ல் அனுமதி பெற்றது. சில வருடங்களில் உயிரை எடுத்துக்கொண்டிருந்த நோய், இன்று பலருக்கு தினம் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற நோயாகிவிட்டது. குட்டைக் குரோமோசோமிலிருந்து மாத்திரை வரை 41 வருடம்.

எல்லாக் கட்டிகளும் இப்படி ஒரே ஸ்விட்சில் ஓடுவதில்லை. ஒரு சென்டிமீட்டர் கட்டியில் பத்துக் கோடிக்கு மேல் செல்கள் இருக்கும், அவையும் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. லண்டனில் சார்லஸ் ஸ்வான்டனின் குழு ஒரே சிறுநீரகக் கட்டியின் பல இடங்களிலிருந்து துண்டெடுத்துப் பார்த்து, இடத்துக்கு இடம் மரபணு மாற்றங்கள் வேறாக இருப்பதை 2012ல் காட்டியது. மருந்து பெரும்பாலான செல்களைக் கொன்றாலும், எங்கோ ஒரு மூலையில் அதற்கு மசியாத ஒன்று இருந்தால் அது மறுபடி பெருகும். மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதும், ஒன்று பலிக்காமல் போனால் அடுத்ததை வைத்திருப்பதும் இதனால்தான். கே-ராஸ் என்ற புரதத்தைப் பாருங்கள். மனிதப் புற்றுநோயில் அதன் பங்கு 1982லேயே தெரியும், ஆனால் மருந்து போய் ஒட்ட ஒரு குழிகூட இல்லாத வழுவழுப்பான புரதம் என்று கைவிட்டிருந்தார்கள். கெவன் ஷோகாட்டின் குழு அதன் ஒரு மாறுபட்ட வடிவத்தில் மறைந்திருந்த குழியை 2013ல் கண்டுபிடிக்க, 2021ல் முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. விடாமல் தேடியவர்கள் இருந்தார்கள்.

கேள்வி: கீமோவில் ஏன் முடி கொட்டுகிறது? மருந்து தலைக்கா போகிறது?

பழைய கீமோ மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்குப் புற்றுநோய் செல்லை அடையாளம் தெரியாது, வேகமாகப் பிரிகிற செல்லை மட்டும்தான் தெரியும். முடி வேர், வாய், குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜை, இவையெல்லாம் இயல்பாகவே வேகமாகப் பிரிகிறவை, அதனால் அடி வாங்குகின்றன. இவற்றில் பெரும்பாலானவை மருந்து நின்றதும் திரும்ப வளர்ந்துவிடும்.

இருந்தாலும் கீமோவைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஒன்றுமே செய்ய முடியாமல் இருந்த காலத்தில், பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருந்து செல்லை ஏமாற்றும் ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அந்த மருந்தைச் செய்து அனுப்பியது எல்லாப்பிரகத சுப்பாராவ் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு. 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது என்று 1948ல் ஃபார்பர் எழுதினார். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைத்த வின்கிரிஸ்டின் பிறகு சேர்ந்தது, இன்னும் சில மருந்துகள் சேர்ந்தன. இன்றைக்கு நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில், குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகை ரத்தப் புற்றுநோயில் பத்துக்கு ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

கேள்வி: நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி ஏன் புற்றுநோயை விட்டுவைக்கிறது?

எப்போதும் விட்டுவைப்பதில்லை, பலவற்றை முளையிலேயே அழித்துவிடுகிறது. ஆனால் டி அணுக்கள் என்ற நம் எதிர்ப்பு அணுக்கள் வெறிபிடித்து நல்ல செல்களைத் தாக்கிவிடாமல் இருக்க, அவற்றின் மேல் பிரேக் மாதிரி சில புரதங்கள் உண்டு. பல கட்டிகள் அந்த பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்கின்றன. பிரேக்கிலிருந்து அந்தக் காலை எடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தவர் ஜேம்ஸ் அலிசன், இன்னொரு பிரேக்கான பிடி-1ஐ 1992ல் கண்டுபிடித்தது ஜப்பானின் தசுக்கு ஹோன்ஜோ குழு. இருவருக்கும் 2018ல் நோபல். முதல் மருந்து 2011ல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு வந்தது, பரவிவிட்ட நிலையில் இருந்த சிலர் அதற்குப் பிறகு பல வருடம் வாழ்ந்தார்கள். சிலர்தான், எல்லோரும் இல்லை. பிரேக்கை விட்டால் டி அணுக்கள் சில சமயம் குடலையும் தைராய்டையும் நுரையீரலையும் தாக்கும், மறுபடி அதே பிரச்சினை, நல்ல செல்.

கார்-டி சிகிச்சை இன்னொரு வழி. நோயாளியின் டி அணுக்களையே வெளியே எடுத்து, குறிப்பிட்ட அடையாளம் உள்ள செல்லைத் தேடிப் பிடிக்கும்படி மரபணுவை மாற்றி, பெருக்கி, திரும்ப ஏற்றுவார்கள். 2017ல் குழந்தைகளின் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு முதல் அனுமதி. அது தேடுகிற அடையாளம் பி அணுக்கள் என்ற இன்னொரு வகை நல்ல எதிர்ப்பு அணுக்களின் மேலும் உண்டு, அவையும் போய்விடும், ஆனால் பி அணு இல்லாமல் மருத்துவ உதவியோடு சமாளிக்கலாம். நுரையீரல் கட்டிக்கோ கணையக் கட்டிக்கோ அப்படிச் செய்ய முடியாது, நல்ல நுரையீரல் செல்லை இழந்துவிட்டு வாழ முடியாதே. கட்டியில் மட்டும் இருக்கும் அடையாளத்தைத் தேடுவதில்தான் இப்போது பெரிய உழைப்பு போய்க்கொண்டிருக்கிறது.

கேள்வி: புற்றுநோய் செல்லோடு வேலை செய்கிறவர்களுக்குத் தொற்றிக்கொள்ளாதா?

இன்னொருவருடைய செல் நம் உடம்பில் நுழைந்தால் நம் எதிர்ப்பு அணுக்கள் அந்நியம் என்று கண்டு அழித்துவிடும். நோயாளியைத் தொட்டாலோ, பக்கத்தில் படுத்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ ஒன்றும் ஆகாது, தயவுசெய்து அவர்களைத் தள்ளி வைக்காதீர்கள். ஆய்வகத்தில் கையுறை போடுவதும், காற்றை வடிகட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வேலை செய்வதும், செல்களில் வைரஸ் இருக்கலாம் என்பதற்காகவும், நம் கிருமி செல்லுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவும்.

கேள்வி: அப்பாவுக்குப் புது மருந்து சோதனையில் சேரலாம் என்று டாக்டர் சொல்கிறார். அவரைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்களோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். என்ன செய்வது?

பயம் நியாயமானதுதான் அம்மா, அந்தப் பயத்தை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். சேருங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்ல முடியாது, ஆனால் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில், இது எந்தக் கட்டம் என்று கேளுங்கள். முதல் கட்டத்தில் சில பத்துப் பேருக்குக் கொடுத்து, எவ்வளவு கொடுத்தால் தாங்குகிறார்கள் என்று பார்ப்பார்கள், பலன் கிடைக்கும் என்ற உறுதி அங்கே இல்லை. இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கான பேரை, சில சமயம் ஆயிரக்கணக்கான பேரை, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பழைய சிகிச்சையோடு புதியதை ஒப்பிடுவார்கள். பலருக்கு இருக்கும் பயம், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றிவிடுவார்களோ என்பது. புற்றுநோய்ச் சோதனைகளில் ஏற்கெனவே பலன் தரும் சிகிச்சை இருந்தால், புது மருந்து கிடைக்காத பிரிவுக்குப் பொதுவாக அதைத்தான் கொடுப்பார்கள், ஆனாலும் அப்பா எந்தப் பிரிவில் விழுந்தால் என்ன கிடைக்கும் என்று நேராகக் கேட்டுவிடுங்கள். சேராவிட்டால் வேறு என்ன சிகிச்சை இருக்கிறது, எத்தனை தடவை வர வேண்டும், பக்க விளைவு வந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள், செலவு யாருடையது என்றும் கேளுங்கள்.

சம்மதப் படிவம் பல பக்கம் இருக்கும். அங்கேயே உட்கார்ந்து அவசரமாகக் கையெழுத்துப் போட வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள், புரியாத வரிகளைக் கோடு போட்டு வையுங்கள், முடிவு அவருடையதாக இருக்கட்டும். கையெழுத்துப் போட்ட பிறகும், நடுவில் எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே அவர் விலகிக்கொள்ளலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்தக் கூடாது. அந்த வரி படிவத்தில் இருக்கும், இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.